எழுதப்பட்டவர்கள் வாசகர்களாக வரும்போது: நீலகிரியில் நூலகப் பணி

கேள்வி: தென்காசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். கூடலூர் வட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை கிடைத்து வந்திருக்கிறேன். பயிற்சியில் ‘பண்பாட்டுப் பணிவு’ பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள், நடைமுறையில் என்ன செய்வதென்று சொல்லவில்லை. இங்கே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், மவுண்டாடன் செட்டி, மலையாளம் பேசுகிறவர்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் என்று பல சமூகத்தார் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது? பழங்குடியினருக்கென்று தனி மூலை அமைக்கலாமா? பணியர் பிள்ளைகள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம்?

பதில்:

எல்லாரைப் பற்றியும் படித்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நினைப்பைக் கைவிடச் சொல்லித்தான் ‘பண்பாட்டுப் பணிவு’ என்ற கருத்தே வந்தது.

இது நூலகத் துறைக்கு மருத்துவத்திலிருந்து வந்த கருத்து. மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அப்போது அங்கே மருத்துவ மாணவர்களுக்கு ‘பண்பாட்டுத் தேர்ச்சி’ என்று ஒரு பாடம் நடத்துவார்கள். இந்த இனத்தார் இப்படி, அந்த இனத்தார் அப்படி என்று படித்துத் தேர்வாகிவிட வேண்டும். அதன் ஆபத்தைக் காட்ட அவர்கள் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமான ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் முனகிக்கொண்டிருக்கிறார். அதே இனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, “ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறதே” என்கிறார். பக்கத்தில் இருந்த கறுப்பின செவிலியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த மக்கள் வலியைக் கூட்டித்தான் காட்டுவார்கள், எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறார். படித்த பாடம், எதிரில் முனகுகிற ஆளைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது. அதனால் அந்த இருவரும் கேட்டது வேறு: வாழ்நாள் முழுக்கத் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று பார்ப்பது, அந்த மக்களோடு சேர்ந்து வேலை செய்வது.

நம் மலைக்கு வருவோம். பணியர் கூச்சப்படுவார்கள், படிப்பில் நாட்டமில்லை; காட்டுநாயக்கர் பிள்ளைகள் தேன் காலம் வந்தால் காணாமல் போய்விடுவார்கள்; சிலோன்காரர்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் பேசுவார்கள். வந்த முதல் வாரத்திலேயே இந்த மாதிரிப் பாடங்களைச் சக ஊழியர், டீக்கடைக்காரர், வீட்டுக்காரர் எல்லாரும் இலவசமாக நடத்துவார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நீலகிரியைப் போல மக்களைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்ட மலை இந்தியாவில் அபூர்வம். 1603-இல் ஃபெனீசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலையேறி வந்து தோடரையும் படுகரையும் பார்த்து எழுதியதில் தொடங்குகிறது அது. பிறகு மிஷனரிகள், மாவட்ட ஆணையராக இருந்த பிரீக்ஸ், 1906-இல் தோடர் பற்றிய நூலோடு ரிவர்ஸ், 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதிகள், 1930-களில் தோடர் பாட்டுகளையும் கோத்தர் கதைகளையும் காதால் கேட்டு எழுதிய மொழியியலாளர் எமனோ என்று வரிசை நீள்கிறது. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. ஆறும் அலமாரியில் இருக்கின்றன. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து புத்தகம் கேட்கிறவர்களில் அவர்கள் எத்தனை பேர்? ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் வெள்ளைக்காரர்கள் சந்தா கட்டிப் படிக்க வந்தது. அது அன்றைய ஏற்பாடு. நீங்கள் இருப்பது 1948-இன் பொது நூலகச் சட்டத்தின்படி மக்களின் சொத்து வரியோடு வசூலிக்கும் வரியில் நடக்கும் நூலகம். புத்தகத்துக்குள் பொருளாக இருப்பவர்களை வாசகர்களாக வரவைப்பதுதான் இங்கே உங்கள் வேலையில் பாதி. கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் பேச்சு. அறுபது வயதுப் பணியர் பெரியவரை இருபத்தைந்து வயது அலுவலர் “நீ”, “வா”, “என்ன வேணும்” என்று பேசுவதை இந்த வட்டத்தில் எந்த அரசு அலுவலகத்திலும் பார்க்கலாம். பேசுகிறவருக்கு அது தப்பாகவே தோன்றாது, கேட்கிறவர் மறக்க மாட்டார். அவர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் நிலக்கிழாருக்குக் கொத்தடிமையாக வேலை செய்தவர்கள். அந்த ஒருமையின் பின்னால் அந்தக் காலம் நிற்கிறது. “வாங்க அண்ணா”, “உட்காருங்க அக்கா” என்று தொடங்குங்கள். உங்கள் ஊரில் பள்ளி ஆசிரியரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. இதற்குச் சுற்றறிக்கை வேண்டாம், நிதி வேண்டாம்.

அடுத்தது வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடு. பெயர், ஊர், கையெழுத்து என்று மூன்று கட்டம். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டி பேரனோடு வந்தால் முதல் அடியிலேயே தலைகுனிய வேண்டியிருக்கும். பேனாவை அவர் பக்கம் நீட்டாமல், பெயரைக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மேலிடத்துக்கு வேண்டும், அவ்வளவுதானே.

உறுப்பினர் சேர்க்கை இதைவிடப் பெரிய சிக்கல். முகவரிச் சான்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. கூடலூரில் அது சாதாரணச் சொல் இல்லை. இங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி பழைய ஜென்ம நிலம், அதாவது ஜென்மி என்ற நிலக்கிழாருக்கு உரியதாக இருந்த நிலம். 1969-இன் ஜென்மி ஒழிப்புச் சட்டம் வந்தும் ‘பிரிவு 17 நிலம்’ என்று ஒரு பகுதி பட்டா இல்லாமல் கிடக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் மின் இணைப்புக்கே அலைந்தவர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு வளர்த்த டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களிலும் இதே கதைதான். இப்படிப்பட்டவரிடம் முகவரிச் சான்று கேட்பது, அவர் ஆயுள் முழுக்க வேறு மேசைகளில் கேட்டு அலுத்த கேள்வியை நீங்களும் கேட்பதாகும். விதியை மீறச் சொல்லவில்லை. விதிக்குள் என்ன வழி இருக்கிறது என்று மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்: பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் போதுமா, ஊராட்சி உறுப்பினர் உறுதி சொன்னால் ஏற்கலாமா, புரவலர் யாராவது காப்புத்தொகை கட்டினால் செல்லுமா என்று. பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து படிக்க யாருக்கும் தடையில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது, உள்ளே வரவே அட்டை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தாமதக் கட்டணம், கறை படிந்த புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூனிலிருந்து ஒழுகும் கூரையும் அடுப்புப் புகையும் உள்ள வீட்டுக்குப் போன புத்தகம், போன மாதிரியே திரும்பி வராது. கட்டணம் வாங்க வேண்டியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் நாலு பேர் முன்னால் அட்டையை விரித்துக் காட்டி “என்ன இது” என்று கேட்டால் அந்தக் குடும்பமே திரும்ப வராது. புத்தகம் தரும்போது கூடவே ஒரு பாலித்தீன் உறை கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தேன் எடுக்கவோ காப்பி பறிக்கவோ குடும்பத்தோடு போகிற காலத்தில் இரண்டு வாரத் தவணை எதற்கும் ஆகாது. புதுப்பிக்கும் வசதியைச் சொல்லிக்கொடுங்கள், யார் மூலமாகவாவது தகவல் வந்தால் புதுப்பித்துவிடுங்கள்.

சரி, அலமாரிக்கு வருவோம். என் பார்வையில் நிஜமான சோதனை அங்கேதான்.

பள்ளியில் ‘நம் மாவட்டப் பழங்குடிகள்’ என்று செயல்திட்டம் கொடுப்பார்கள். பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். கைக்கெட்டும் இடத்தில் இருப்பது தர்ஸ்டன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழிலும் வெளியிட்டிருப்பதால் எடுத்துக் கொடுப்பது சுலபம். அந்தக் கூட்டத்தில் ஒரு கோத்தர் பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, மண்பாண்டம், இசை என்று மலைக்கே தேவையானதைச் செய்துகொடுத்த தன் மக்களைப் பற்றி, செத்த மாட்டைத் தின்பவர்கள் என்று அருவருப்போடு எழுதிய பக்கத்தை அவன் தன் வகுப்புத் தோழர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து திரிந்தவர். மனிதரை அப்படி வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலத்து நூல் அது.

அதை எடுத்து ஒளித்துவைக்கச் சொல்வேனா? மாட்டேன். நூலகர் வேலை அதுவாகிவிட்டால் முடிவே கிடையாது. ஆனால் முதல் விடையாக அதைக் கொடுக்க மாட்டேன். எந்தக் காலத்தில், யார், எந்த அதிகாரத்தில் இருந்து எழுதியது என்று நாலு வரி தாளில் எழுதி உள்ளட்டையில் ஒட்டுவேன். இன்று அதே சமூகத்தவர் எழுதிய, சொன்ன ஏதாவது கிடைத்தால் அதை மேலே வைப்பேன். உதகைக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்தில் என்ன வெளியீடு கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கோத்தகிரியிலிருந்து இந்த மக்களின் மொழிகளிலேயே ஒலிபரப்பும் சமூக வானொலி ஒன்று இருக்கிறது; அதைப் பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லலாம்.

ரிவர்ஸ் எழுதிய ‘தி தோடாஸ்’ இன்னும் கடினமான வழக்கு. 1902-இல் இங்கே வந்து தங்கி, தோடர்கள் எருமைப் பாலைக் கையாளும் புனித இடமான பால்மனையின் சடங்குகளை அக்குவேறு ஆணிவேறாகக் கேட்டு எழுதியவர் அவர். அவரே நூலின் தொடக்கத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறார். தகவல் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். புனிதமான இரகசியங்களை அந்நியனிடம் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்று குறி சொல்பவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு பலர் அவரிடம் வாய்திறக்கவில்லை. ஆக, சொன்னவர்களே சொல்லியிருக்கக் கூடாது என்று வருந்திய சேதி, நூற்றிருபது ஆண்டு கழித்து நம் அலமாரியில் யாரும் எடுக்கலாம் என்று நிற்கிறது. இணையத்திலும் இலவசமாகக் கிடக்கிறது. நாம் பூட்டி வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் அதே நூலின் பின்னிணைப்பில் தோடர் குடும்பங்களின் வம்சாவளி அட்டவணைகள் இருக்கின்றன. இன்றைக்குத் தன் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடும் ஒரு தோடர் இளைஞருக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடையாது. ஒரே நூல் அவர்களுக்குக் காயமாகவும் இருக்கிறது, சொத்தாகவும் இருக்கிறது. இதில் எது மேலே என்று தீர்மானிக்க நமக்கு என்ன உரிமை? இங்கேதான் பணிவு என்பது வெறும் நல்ல குணமாக இல்லாமல் ஒரு வேலைமுறையாகிறது. தோடர் குடியிருப்பான மந்தில் இருக்கும் பெரியவர்களிடமும் படித்த பெண்களிடமும் கேளுங்கள்: இந்த நூலிலிருந்து சடங்குப் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாமா, பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தப் பகுதியைக் கொடுக்கலாம் என்று. ஒருவர் சரி என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். ஒரு சமூகத்துக்கு ஒரே வாய் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைத் திமிர்தான். கருத்து பிரிந்தால், செய்யாமல் விட்டுவிடுங்கள். சுவர் வெறுமையாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

உலகின் வேறு இடங்களிலும் நூலகர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘முகுர்த்து’ என்ற மென்பொருள் இருக்கிறது. எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் முறைப்படியே அதில் அமைக்கலாம். கிளை நூலகத்தில் அதை நிறுவச் சொல்லவில்லை. பழங்குடிப் பாட்டியின் கதையை உங்கள் கைபேசியில் பதிவு செய்ய ஆசை வரும்போது அது நினைவுக்கு வந்தால் போதும். யார் கேட்கப் போகிறார்கள், எங்கே வைக்கப் போகிறீர்கள், பின்னால் வேண்டாம் என்றால் அழிக்க முடியுமா என்பதைச் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டால் அப்புறம் எதையும் திரும்ப வாங்க முடியாது.

பகுப்பு எண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, நம் தொழில்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ்க் கவிதை 894.811-இன் கீழ் வரும், அதாவது இலக்கியம். தோடர் பாட்டு என்றால் யோசிக்காமல் 398, நாட்டார் வழக்காறு என்று போட்டுவிடுவோம். தோடர் பாட்டு, அந்தந்தச் சந்தர்ப்பத்துக்கு ஒரு புலவர் இணை இணையான சொற்றொடர்களில் கட்டுவது. அதற்குக் கடுமையான இலக்கணம் உண்டு. நம்முடையது இலக்கியம், அவர்களுடையது வழக்காறு என்று பிரித்தது யார்? திராவிட மொழி இலக்கியத்துக்கு 894.8 என்ற எண்ணே இருக்கிறதே. பட்டியலின் எண் மேலிருந்து வரலாம், மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லாமலும் போகலாம். அலமாரியில் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எந்தப் புத்தகத்தை நிறுத்துவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

தனி மூலை பற்றிய கேள்விக்கு இப்போது பதில் சொல்வது எளிது. வேண்டாம், குறைந்தது நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ‘பழங்குடியினர் பகுதி’ என்று பலகை வைத்தால் அங்கே வருபவர்கள் ஆராய்ச்சி மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும்தான். பழங்குடி இளைஞர் ஒருவர் நூலகத்துக்கு வருகிறார் என்றால் பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 புத்தகம் தேடியோ, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் பற்றியோ, 2006 வன உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடும் முறை பற்றியோ கேட்டு வருவார். அவரைப் பார்த்ததும் “உங்க ஆட்களைப் பற்றி நல்ல புத்தகம் இருக்கு” என்று தேன் எடுக்கும் படம் போட்ட புத்தகத்தை நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? நூலகவியலாளர் ரங்கநாதனின் இரண்டாம் விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்கிறது. அது எந்த நூல் என்று முடிவு செய்கிறவர் அந்த வாசகர். டேன்டீ லைனிலிருந்து வருகிறவர் இலங்கை மலையக இலக்கியம் கேட்கலாம், கேட்காமல் துப்பறியும் நாவலும் கேட்கலாம். சமூகத்தவர்களே சேர்ந்து வந்து எங்களுக்கு ஒரு மூலை வேண்டும் என்றால் அது வேறு பேச்சு. அப்போது என்ன வைப்பது, என்ன பெயர் எழுதுவது என்பதை அவர்களே சொல்லட்டும்.

படுகர்களைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை: பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் அவர்கள் கோரிக்கை பற்றி மேசையில் உட்கார்ந்து கருத்துச் சொல்லாதீர்கள்.

நவம்பரில் தேசிய நூலக வாரம் வரும். அப்போது பழங்குடியினரை அழைத்து முன்வாசலில் ஆடவைத்து, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போட்டு, குழுப் படம் எடுத்து அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆடியவர்களில் ஒருவர்கூட உள்ளே வந்து ஓர் அலமாரியைப் பார்த்திருக்க மாட்டார். ஆட்டம் வைக்க வேண்டுமானால் வையுங்கள், கலைஞர்களுக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள், அவர்கள் நூலகத்துக்கு எந்தப் புத்தகங்கள் வாங்க வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியலும் எழுதிக்கொள்ளுங்கள். நூல் கொள்முதல் மேலிடத்தில் நடக்கிறது என்பது தெரியும். வாசகர் வட்டமும் புரவலர்களும் அதற்குத்தானே இருக்கிறார்கள்.

கடைசியாக, வாசலில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். பணியர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பணிய மொழி. பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் மலையாளமும் தமிழும். ‘அமைதி காக்கவும்’ பலகையும் கண்ணாடி பீரோவும் மேசையும் பார்த்தால் அவர்களுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். பள்ளியில் பட்டது போதும் என்று ஓடத்தான் செய்வார்கள். அவர்கள் தனித்தனியாக வரமாட்டார்கள், அக்கா இடுப்பில் தம்பியோடு கூட்டமாகத்தான் வருவார்கள். ஆகவே உள்ளே கூப்பிடாமல் தாழ்வாரத்தில் ஒரு பாய் விரித்து, படம் அதிகமுள்ள புத்தகங்களைப் பரப்பிவிட்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பெயர் என்ன, எந்த வகுப்பு, ஏன் இன்றைக்குப் பள்ளிக்குப் போகவில்லை என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். கைக்குழந்தை பக்கத்தைக் கிழித்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

கூடலூரிலேயே வித்யோதயா பள்ளி பழங்குடி ஆசிரியர்களைக் கொண்டு பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறது. ஒரு நாள் அங்கே போய் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். கதை சொல்லும் நேரம் வைக்க நினைத்தால், நீங்கள் தமிழில் சொல்வதைவிட அவர்கள் குடியிருப்பான பாடியிலிருந்து ஒரு பாட்டியோ படித்த பெண்ணோ பணிய மொழியில் சொல்லட்டும். நீங்களும் கீழே பாயில் உட்கார்ந்து, புரியாமல் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். டீச்சருக்குப் புரியவில்லை என்று சிரிப்பார்கள், பிறகு அவர்களே விளக்கிச் சொல்ல வருவார்கள்.

1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார். உங்களுக்கு வண்டி கிடைக்காது. ஜீப் போகும் பாடிகளுக்கு அங்கன்வாடி ஊழியரோடு ஒரு பை புத்தகம் அனுப்பலாம். முதலில் பாடிக்குப் போய் அங்குள்ள பெரியவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். யார் வீட்டில் பை இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள், அதில் நமக்குத் தெரியாத கணக்குகள் இருக்கும். பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை போடுவதை இரண்டாம் பட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்காலம் வரை புத்தகங்கள் போய் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒன்று திரும்பி வரவில்லை என்று கேட்கப் போனால், கையில் வேறொரு புத்தகத்தோடு போங்கள்.